மூணாவது படத்தோட முடிவு

– ரண்டு படமில்ல, மூணு படம். அதுக்கு மேல ஒரு தொடர்கதை, மாரியாயி நோம்பிக்கு ஒரு நாடகம். எல்லாம் ஒரே மாசத்துல. ஏம்புள்ள வசந்தாமணி, கட்டுனவன் ஆந்திராவுல போர் போடற ரிக் வண்டியோட புழுதி தின்னுட்டுக் கெடக்கறேன், நீ எருமப்பட்டில சினிமாக் கொட்டாய் கொட்டாயாச் சுத்திட்டு இருக்கற.

– கொட்டாய் ஒண்ணே ஒண்ணுதானுங்க.

– எதுத்துப் பேசு. கடுதாசின்னா மாடு கன்னு போட்டுச்சா, கெணத்துல தண்ணி நிக்குதான்னு எழுதோணும். நீ ‘இந்த மாசம் எனக்குப் புடிச்சது’ன்னு நாலு பக்கம் சினிமாக் கதை எழுதறே.

– மாடு கன்னு போட்டத அடியில எழுதியிருந்தனுங்களே.

– அரை வரி. அந்தப் பாம்புப் படத்துக்கு ஒண்ணரைப் பக்கம்.

– பாம்பு நல்லா நடிச்சிருந்துச்சுங்க. கதாநாயகனுக்குத்தான் மூஞ்சில ஒண்ணுமே வரல.

– அந்தத் தொடர்கதை டாக்டரம்மா இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கறாளா?

– ஆறு வாரமா ஒரே மாடிப்படியில நின்னுட்டு இருக்காளுங்க. எழுதறவருக்கே அவள எறக்கி உட வழி தெரியலையாட்ட இருக்குது.

– போதும். இனிமேப் படமுங் கெடையாது, பொஸ்தகமுங் கெடையாது. சொல்லிப்போட்டேன்.

– செரிங்க. உங்க கூட வேல செய்யற நாச்சிமுத்து கடுதாசியப் படிச்சுக் காட்டறப்பக் காதப் பொத்திக்க வேண்டியதுதானுங்களே?

– எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு குத்திக் காட்டறயா? நான் மட்டுமா கேக்கறேன்? அவன் கடுதாசியப் பிரிச்சாப் போதும், டிரைவர்ல இருந்து சமையக்காரன் வரைக்கும் சுத்தி ஒக்காந்துக்கறானுங்க.

– எதுங்க அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுது?

– அந்த மூணாவது படந்தான், சட்டி ஏவாரி கதை. வவுத்தப் புடிச்சுட்டுச் சிரிச்சானுங்க.

– உங்களுக்குங்க?

– எனக்கும் அதுதான். அவனெல்லாம் ஒரு ஆம்பளையா? தாலி கட்டுனவ ஊர்ல இருக்க, ஏவாரத்துக்குப் போன எடத்துல எனக்குக் கண்ணாலமே ஆகலைன்னு சொல்லி இட்லிக்கடைக்காரிய வெச்சுக்கறான்.

– பொண்டாட்டி பாவமுங்க.

– என்ன பாவம்? அவ மேலதான் எனக்குக் கோவமே. நாலு பெரிய மனுசர வெச்சுக் கேக்க வேண்டாமா? மண்டு.

– எல்லாருமே சிரிச்சாங்களாங்க?

– ஒவ்வொருத்தனும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிக்கறான். நானும் கூடச் சேந்து சிரிச்சேன். படிச்ச நாச்சிமுத்து மட்டும் உர்ருனு இருந்தான். ரசனை கெட்ட பய.

– அப்பிடிங்களா.

– நீ பாட்டுக்கு முடிவ எழுதாம உட்டுப்போட்டே. ‘வெள்ளியங்கிரியண்ணா, ஊருக்குப் போனதும் மொத வேலையா முடிவக் கேட்டுருங்க’ன்னு சொல்லித்தான் பஸ் ஏத்தி உட்டானுங்க. சொல்லு.

– இனிமேப் படமே கெடையாதுன்னீங்க.

– இது ஒண்ணு மட்டும் சொல்லிப்போடு. வர்ற வழியில கொட்டாய்க்காரர் சென்றாயன்கிட்டயே கேட்டுப் பாத்தேன். அப்பிடி ஒரு படம் இங்க ஓடவே இல்லைங்கறாரு. லைசென்சு முடிஞ்சு கொட்டாயப் பிரிச்சு ஒரு மாசமாச்சாம். ரண்டு படத்தோட செரியாம்.

– ஆமாங்க. பாத்தது ரண்டுதான்.

– அப்ப மூணாவது எங்க பாத்தே? நாமக்கல்லு போனயா? யாரு கூடப் போனே?

– எங்கயும் போகலீங்க. அது கடுதாசில வந்துச்சு.

– எவன் போட்ட கடுதாசி?

– நீங்க போட்டதுதானுங்க. நீங்க சொல்லச் சொல்ல எழுதறது நாச்சிமுத்துதானுங்களே. சொகமா இருக்கறேன், ஒடம்பப் பாத்துக்கன்னு நீங்க சொன்னதெல்லாம் எழுதிப்போட்டு, அடியில அவரா அஞ்சாறு வரி சேத்து எழுதியிருந்தாப்ல. போர் போடப் போனவர நான் சட்டி ஏவாரியா மாத்துனேன். இட்லிக்கடைய மட்டும் அப்பிடியே உட்டுட்டனுங்க.

– அம்மிணி, அவன் பொய்க்காரன். அவன் பேச்சக் கேட்டுட்டு...

– முடிவு வேணும்னீங்களே.

– ஒண்ணும் வேண்டாம் போ.

– அத்தன பேரு கேட்டு அனுப்பியிருக்காங்க, சொல்லிப்போடறனுங்க. அந்தாளு ஊட்டுக்கு வந்து, பொண்டாட்டிகிட்டயே முடிவு என்னன்னு கேக்கறான். உள்ள அவளோட அண்ணன்மாரு ரண்டு பேரும், ஊர்க்கவுண்டரும், காலையில இருந்து ஒக்காந்திருக்காங்க.