பிரேக்குல கால்

அப்பிடி வெட்டி வெட்டி இழுக்காதீங்க மாப்பிள. ஒரே சீரா இழுங்க. நான் பிரேக்க நல்லா மிதிச்சிருக்கேன், கியரும் அஞ்சுல தான் கெடக்கு, எஞ்சின் அசையாது.

பெல்ட்டு ஓடுற புல்லிய எஞ்சினோட பிடிக்கிற போல்ட்டு இது, தொடச்சு தானே மாட்டுனீங்க? ஆ. புல்லி பதியுற எடத்துல மண்ணு இருந்தா இறுகுன மாதிரி காட்டும், இறுகியிருக்காது. ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன. நிரோஜா சொல்லுவா, அவரு கராஜ் பக்கமே போக மாட்டாருண்ணே, எல்லாம் அவரே பாத்துக்குவாருன்னு. எந்தங்கச்சிக்கு அதுல அவ்வளவு பெரும. கல்யாணத்துக்கு இந்தக் கார சீரா குடுத்தது நான். பெரும என்னமோ நீங்க கழட்டி மாட்டுறதுல.

அன்னைக்கும் இதே போல்ட்டு தான். பிரேக்க மிதிக்க ஒரு ஆளு வேணும். அவளுக்கு நெறமாசம், ஏறி ஒக்கார முடியல. அண்ணன கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கா. இங்க அலுவிகாரையில இருந்து ஒங்க இரத்தோட்டைக்கு வர எனக்கு எவ்வளவு நேரம்? ஆனா மாப்பிள முறுக்கு. பொண்டாட்டியோட அண்ணன்கிட்ட போய் ஒதவின்னு நிக்கிறதா? ஒத்தையில ஸ்பேனர்ல குழாய சொருகி தொங்கியிருக்கீங்க. போல்ட்டு இறுகுதுன்னு நெனச்சீங்க. எஞ்சின் தான் கூடவே சுத்தியிருக்கு. நானா சொல்லல, சாவு வீட்டுல நீங்களே அழுதுகிட்டு சொன்னது தானே.

வலி வந்து ஆஸ்பத்திரிக்கு எறங்குறப்ப தோட்டத்து வளைவுல புல்லி கழண்டு எஞ்சின் நின்னுச்சு. அந்த ரோட்டுல பஸ் ஏது. பிள்ள காருக்குள்ளேயே பொறந்துச்சு. ரத்தம் நிக்காம அவ அந்த பின் சீட்டுலேயே போய்ச் சேந்தா. அழாதீங்க. கண்ணத் தொடச்சிட்டு ரென்ச்ச பிடிங்க.

அங்க பாக்காதீங்க, பிள்ள வித்தியா உள்ளுக்கு தூங்குறா, எம்பொஞ்சாதி பக்கத்துல இருக்கா. போல்ட்ட இறுக்குங்க, ஒரு வாரம் நான் ஓட்டிப் பாக்குறேன், லூசாகலன்னா அதே கார்ல ஒங்க மகள கூட்டிக்கிட்டு போங்கன்னு சொந்தக்காரங்க முன்னுக்கு நான் வாக்கு குடுத்தேனா இல்லையா? நீங்களும் ஞாயித்துக்கெழமை தவறாம வந்து இறுக்குறீங்க. அடுத்த வாரம் பாத்தா லூசு. இவன நம்பி பச்சப்புள்ளய எப்பிடி குடுக்குறதுன்னு ஒங்க அம்மாவே என்கிட்ட கேக்குறாங்க.

இழுங்க. இன்னும் கொஞ்சம். ஆ, ரென்ச் டிக்குன்னுச்சு, அளவுக்கு இறுகிட்டு. அதோட நிப்பாட்டுங்க, அதுக்கு மேல போனா போல்ட்டு கெட்டுப் போகும். சரியா இருக்கு மாப்பிள. கராஜ்ல வேல செய்யிற பாஸே செஞ்சாலும் இப்பிடி தான் செய்வாரு. நான் கால எடுக்குறேன்.

போன வாரமும் சரியா தான் இறுக்குனீங்க. அதுக்கு முந்தின வாரமும் தான். நீங்க பஸ் ஏறுன பொறகு எம்பொஞ்சாதிய பிரேக்குல ஒக்கார வச்சு நான் தான் கழட்டி விடுறது.

என்ன அப்பிடி பாக்குறீங்க? போய் சொல்லுங்க. ஒங்க அம்மாகிட்டயே சொல்லுங்க, நம்புறாங்களான்னு பாப்பம்.

சரி, கைய கழுவுங்க, டீ ஊத்தச் சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கெழமை கொஞ்சம் நேரத்தோட வாங்க, பிள்ள முழிச்சிருக்கிற நேரமா. இப்ப பேச ஆரம்பிச்சிட்டா. என்னய தான் அப்பான்னு கூப்பிடுறா, நீங்களும் ஒருக்கா கேக்கலாம்.