பீங்கான் பாறை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், குமிழ்க்காடு காப்பித் தோட்டத்தில் ஓச்சம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் பாட்டனுக்குப் பாட்டி. கூலிக்காரர் வரிசை வீடுகளில் கீழ் லயத்துக்காரி. களத்தில் சொத்தைக் கொட்டை பொறுக்குவாள். ஒரு கொட்டையைக் கடித்தால் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவாளாம்.

அந்த வருஷம் கப்பலுக்குப் போன மூட்டைகள் திரும்பி வந்தன. காப்பி நாறுகிறது என்று கடிதம். துரைக்குக் கோபம். கங்காணி மாயாண்டி சொன்னானாம்: "கீழ் லயத்து ஆளுங்க கை பட்டுச்சுல்ல தொரை, வேற எப்படி மணக்கும்?"

அமாவாசைக்குள் கீழ் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் துரை. பத்து வீடு என்பார்கள். ஒன்பதுதான். பத்தாவது அப்போது கூரை இல்லாமல் கிடந்தது.

களத்தோரம் ஒரு பாறை. ஓச்சம்மா அதன் பக்கத்தில் போய் நின்றாள். அங்கேதான் துரை மேசை போட்டு, ஆறு மூட்டையிலிருந்து ஆறு பீங்கான் கிண்ணத்தில் காப்பி போட்டு வைத்திருந்தார். அவருக்கு நாற்றம் தெரிந்தது. என்ன நாற்றம் என்று தெரியவில்லை.

"நான் குடிச்சுச் சொல்றேன் தொரை."

கங்காணி ஒரு சிரட்டையை எடுத்து நீட்டினான். "இந்தா, குடி."

"சிரட்டையில குடிச்சா தேங்காய் வாசம்தான் நாக்குல நிக்கும். பீங்கான்ல குடுங்க."

"பீங்கானா? உனக்கா?"

"எனக்கில்ல கங்காணி. காப்பிக்கு."

துரை தலையசைத்தார். அவள் முதல் கிண்ணத்தை எடுத்தாள். உர்ர்ரென்று உறிஞ்சினாள். பாறைமேல் துப்பினாள்.

"என்னடி பன்னி மாதிரி சத்தம்?" என்றான் கங்காணி.

"சத்தம் போட்டாத்தான் வாசம் மூக்குக்கு ஏறும். விழுங்கினா அடுத்த கிண்ணத்துல நாக்கு பொய் சொல்லும்."

முதல் கிண்ணம், ஆரஞ்சுத் தோல் வாசம், கடைசியில் வெல்லப்பாகு. "மேற்குச் சரிவு. சுத்தம்." இரண்டாவது, பச்சை நிலக்கடலை. "பழுக்காததைப் பறிச்சிருக்கோம். இது எங்க தப்பு." மூன்றாவது, நனைந்த மண். "களத்துல காயப் போட்டதை மழைக்கு முன்னால வாரலை. இதுவும் எங்க தப்பு." உறிஞ்சினாள், துப்பினாள்.

நாலாவதில் நின்றாள். ஐந்தாவதை உறிஞ்சினாள். ஆறாவதை உறிஞ்சிவிட்டுக் காறித் துப்பினாள்.

"உப்புப் போட்டுச் சுருட்டின ஆட்டுத்தோல்."

"கேட்டீங்களா தொரை? இவளுக வீட்டு நாத்தத்தை இவளே சொல்றா!"

"எங்க வீட்டு நாத்தம்னா எல்லா மூட்டையும் ஒண்ணுபோல நாறணும். நாலுல லேசா இருக்கு. அஞ்சுல கூடுதல். ஆறுல தூக்கலா. ஆறாவது மூட்டை தோலை ஒட்டிக் கிடந்திருக்கு. மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியைத் திறங்க தொரை."

கிட்டங்கிச் சாவி கங்காணி இடுப்பில்தான் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்றானாம். துரை பிடுங்கித் திறந்தார். மூட்டைகளுக்குப் பின்னால், அவன் சொந்த வியாபாரத்துக்கு வாங்கி வைத்த ஆட்டுத்தோல். முப்பது என்பார்கள். இருபத்தேழு.

துரை என்ன செய்தார் என்கிறீர்கள்? "தோலை அப்புறப்படுத்து" என்றார். அவ்வளவுதான். கங்காணி கங்காணியாகவே இருந்தான். ஆனால் ஒன்பது வீடும் நின்றது.

துரை போனதும் கங்காணி, "இவ வாய் பட்டதுல இனி எவன் குடிப்பான்?" என்று கிண்ணங்களைப் பாறையில் அடித்து உடைத்தானாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது ஓச்சம்மா கையில் இருந்தது. பிடுங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காப்பியை உறிஞ்சி, அவன் காலடியில் துப்பிவிட்டு நடந்தாளாம்.

அதனால்தான் அது பீங்கான் பாறை. மழை பெய்தால் அடியில் உடைந்த கிண்ணத்து ஓடு வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் எங்கள் லயத்துக்கு வாழ வருகிற பெண் முதல் வாய்க் காப்பியை அங்கே உறிஞ்சித் துப்புகிறாள், கங்காணி வீடு இருந்த திசையைப் பார்த்து.

ஆறாவது கிண்ணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கங்காணி வம்சத்தில் யார் வந்தாலும் அதில்தான் காப்பி கொடுப்போம். என் காலத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் குடிக்கவில்லை.