முப்பதாவது குழி: மூன்றாம் வகுப்பு மெட்டில்டா டீச்சருக்கு ஒரு பாராட்டு மடல்

பத்தைப் பத்தாகவே பார்த்தவரே, நூற்றை நூறென்றே நவின்றவரே, முப்பத்தோராண்டு காலம் மூன்றாம் வகுப்பின் முன்னின்று, முப்பதையும் நாற்பதையும் முறையாகப் பெருக்கக் கற்பித்த முனைப்பின் வடிவே, மல்காஜ்கிரி மழலைகளின் மனக்கணக்கிற்கு மதிலாய் நின்ற மாண்பே, மெட்டில்டா டீச்சர் அவர்களே, வணக்கம்.

இம்மடல் இனிமையாக இருக்க வேண்டும், சேவை என்ற சொல் மூன்று இடங்களிலாவது வர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது. சேவை, சேவை, சேவை. அந்தக் கடமை முடிந்தது. இனி, உங்களோடு பணிபுரியும் நாங்கள் கோபமாக இருக்கிறோம் என்பதைச் சொல்லலாம்.

நீங்கள் உட்கார்ந்தே கேளுங்கள். மேடையில் இருக்கும் தாளாளர் தனசிங் அவர்களும் உட்கார்ந்தே கேட்கலாம். இன்றைக்கு நாற்காலிகள் போதுமான அளவில் உள்ளன.

கண்டிப்பின் கருவூலமே, ஹப்சிகுடா முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய நாற்பது காலி அட்டைகளே உங்கள் படைக்கலங்கள். ஓர் அட்டைக்கு முப்பது குழி. முதல் பத்துக்குச் சிவப்பு, அடுத்த பத்துக்குப் பச்சை, கடைசிப் பத்துக்கு மஞ்சள் என்று நீங்களே வண்ணம் தீட்டினீர்கள். முப்பதை நாற்பதால் பெருக்கச் சொன்னால் உங்கள் பிள்ளை பூஜ்ஜியத்தைத் தேடாது, அட்டையைத் தேடும். பத்து அட்டை அடுக்கினால் முந்நூறு, அப்படி நான்கு அடுக்கு, ஆக ஆயிரத்து இருநூறு என்று தொட்டுச் சொல்லும். மூன்று பத்தை நான்கு பத்தால் பெருக்கினால் பன்னிரண்டு நூறு என்பதை எட்டு வயதில் கண்ணால் கண்ட பிள்ளைகள் அவர்கள். அந்த அறையில் எந்நேரமும் லேசாக முட்டை வாசம் வீசும். அதைப் பற்றிப் புகார் சொல்ல வந்த சைவக் குடும்பத்துப் பெற்றோர், வந்த காரியத்தை மறந்து மாலை வரை அட்டை அடுக்கிவிட்டுப் போனார்கள்.

சைனிக்புரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், பேத்தி ஹம்ஸினிக்காகச் சண்டை போட வந்ததை இந்த அவை மறந்திருக்காது.

"இதுல என்னம்மா இருக்கு? பின்னாடி ஜீரோவ ஒட்டிட்டா முடிஞ்சுது" என்றார் அவர்.

"எதுக்கு ஒட்டறோம் சார்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

யோசிப்பதற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த கர்னல், அரையாண்டுத் தேர்வு முடியும்வரை எழவில்லை. தேர்வையும் எழுதினார். இரண்டாம் ரேங்க். முதல் ரேங்க் ஹம்ஸினி. அவர் மறுகூட்டல் கேட்டார் என்று சிலர் சொல்வது மிகை; மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

அத்தகைய உங்களை, அறிவுடையோர் ஆண்ட இப்பள்ளி, சென்ற ஜூன் மாதம் முதல் எப்படி நடத்தியது என்பதை இனிமையாகச் சொல்லும் தமிழ் எங்களிடம் இல்லை.

'மின்னல் கணிதம்' என்றொரு திட்டம் வந்தது. பூஜ்ஜியத்தை மறை, பெருக்கு, பூஜ்ஜியத்தை ஒட்டு. காரணம் அதில் இல்லை. கடிகாரம் மட்டும் இருந்தது. அத்திட்டம் நுழைந்த வாரம், வகுப்பில் உதிர்ந்து கிடந்த பூஜ்ஜியங்களை ஆயாம்மா இரண்டு முறம் அள்ளினார். கைக்குத் தப்பிய ஒன்று மல்காஜ்கிரி ரயில் நிலையம்வரை உருண்டுபோய் ஒரு ரயில் எண்ணின் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்த ரயில் இன்னும் வந்து சேரவில்லை.

திட்டத்தைக் கொண்டுவந்த அகடமிக் டைரக்டர் பிரசன்னா சார் ஆசிரியர் கூட்டத்தில் உங்களிடம் சொன்னார்: "மேடம், புள்ளைங்க ரெண்டு செகண்டுல ஆன்ஸர் சொல்லணும். பேரண்ட்ஸ் அதத்தான் பாக்கறாங்க."

"சொல்லட்டும் சார். ஏன்னு கேட்டா என்ன சொல்லும்?"

"யாரு மேடம் கேப்பா?"

"நான் கேப்பேன்."

அந்த இரண்டு சொற்களுக்காக நவம்பரில் உங்களை வகுப்பிலிருந்து எடுத்து, வாசலில் பேருந்துகளை ஒழுங்குபடுத்த நிறுத்தினார்கள். அதற்குப் 'போக்குவரத்து ஒருங்கிணைப்பு' என்று பெயரிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில் வெயிலில் நிற்பதற்கு அவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று நாங்கள் கேட்டோம். குடை வேண்டுமானால் வாங்கித் தருகிறோம் என்றார்கள்.

வாசலிலும் வகுப்பு உங்களைத் தேடி வந்தது. மூன்றாம் வகுப்பு மஹதி ஒரு நாள் பையை இழுத்துக்கொண்டு அழுதபடி வந்தாள். ஐம்பதை நாற்பதால் பெருக்கி இருநூறு என்று சொல்லியிருக்கிறாள். திரையில் தப்பு என்று வந்தது. எதனால் தப்பு என்று வரவில்லை.

"ரெண்டு ஜீரோ வரணும்னாங்க டீச்சர். அஞ்சு நாலு இருபதுல ஒண்ணு ஆல்ரெடி இருக்கே. அதான் இன்னும் ஒண்ணு மட்டும் ஒட்டினேன். கைக்கு தப்பு? ஏன்னு சொல்லுங்க டீச்சர்."

"அழாத. அந்த பஸ்ஸுல அம்பது சீட்டு. அது மாதிரி நாலு பஸ்ஸுல எத்தன பேரு போலாம்?"

மஹதி விரலில் எண்ணினாள். "நூறு, நூத்தம்பது, இருநூறு."

"நான் உனக்கு நாப்பது பஸ்ஸு குடுத்தேனே."

பிள்ளை கண்ணீரை நிறுத்திப் பேருந்தைப் பார்த்தது. "அப்ப மீதி பஸ்ஸெல்லாம் காலியாவா போகுது?"

"டிரைவருங்க என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. சீக்கிரம் சொல்லு."

"நாலு பஸ்ஸுக்கு இருநூறு. அந்த மாதிரி பத்து வாட்டி... ரெண்டாயிரம். ஹவ் டீச்சர், ஆமா, ரெண்டாயிரம்."

மறுநாளே, பேருந்து நேரத்தில் பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. இதற்கும் நாங்கள் கோபப்பட்டோம் என்பதைப் பதிவு செய்கிறோம்.

அடுத்து நிறுவனர் நாள் விழா. விளையாட்டு ஆசிரியர் வெஸ்லி சார் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஐம்பது வரிசை போட்டார். வரிசைக்கு நாற்பது பேர். எத்தனை நாற்காலி சொல்லலாம் என்று தாளாளர் கேட்க, பிரசன்னா சார் இரண்டே விநாடியில் சொன்னார்: "டூ ஹண்ட்ரட் சார்." மஹதி தடுக்கி விழுந்த அதே இடம். இருபதில் இருந்த பூஜ்ஜியத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இன்னும் ஒன்றை மட்டும் ஒட்டியிருந்தார். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. மஹதிக்காவது கேட்க ஒரு வாசல் இருந்தது.

இருநூறு நாற்காலிகள் வந்து இறங்கின. போட்ட கோட்டை மீறாத வெஸ்லி சார் வரிசைக்கு நான்கு வீதம் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச வேண்டுமானால் கைப்பேசியில்தான் அழைக்க வேண்டும். சிறப்பு விருந்தினர், இப்படியொரு ஒழுங்கை எங்கும் கண்டதில்லை என்று புகழ்ந்தார். மற்ற பெற்றோர்கள் எல்லாம் விழா முடியும்வரை நின்றார்கள். நின்ற நிற்பில் இரண்டு பேர் அரை அங்குலம் வளர்ந்துவிட்டதாக வெஸ்லி சார் அளந்து சொன்னார்.

இதுவரை சிரிக்கலாம். இதற்கு மேல் வேண்டாம்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், தாளாளர் அவர்களே, நீங்கள் சொன்னீர்கள்: "மேக்ஸ் டீச்சர் ஒருத்தங்க கேட்லயே நிக்கிறாங்களே, அவங்க இத செக் பண்ணக் கூடாதா?" அத்தோடு விடாமல், மெட்டில்டா டீச்சரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள். பெருக்கலை விட்டு அவரை விலக்கிய நீங்களே, பெருக்கல் பிழைக்கு அவரையே பொறுப்பாளி ஆக்கினீர்கள்.

"என்னக் கேக்கல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றீர்களே, பொறுமையின் பொற்குடமே, அந்தப் பொறுமையின் மீதும் எங்களுக்குக் கோபம்தான். நீங்கள் ஒரு தடவையாவது குரலை உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வேலை குறைந்திருக்கும்.

ஓய்வு நெருங்கியதும் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு சால்வை நக்கோ சார், வேணவே வேணாம். ஜூன்ல மூணாம் கிளாஸ் நம்ம ஸ்வீட்டி டீச்சருக்கு வருது. அவ அட்டைய வெச்சே நடத்தட்டும். அது போதும்." தாளாளர் "பாக்கலாம்மா" என்றார். சென்ற சனிக்கிழமை வகுப்பறையைச் சுத்தம் செய்தபோது, நாற்பது அட்டைகளும் பின்வாசல் குப்பையில் கிடந்தன. பார்ப்பதாகச் சொன்னவர்கள் பார்த்த விதம் அது.

மழை வருவதற்குள் ஸ்வீட்டியும் ஆயாம்மாவும் அவற்றை அள்ளி வந்துவிட்டார்கள். முப்பத்தொன்பது அட்டைகள் ஸ்வீட்டியின் அலமாரியில் உள்ளன. சாவி அவரிடம் உள்ளது. கேட்டால் தர மாட்டார், கேட்டுப் பார்த்துவிட்டோம்.

நாற்பதாவது அட்டை இதோ, நிர்வாகம் இம்மடலுக்காக வாங்கித் தந்த சட்டத்துக்குள் இருக்கிறது. குழிகள் உயரமாக இருந்ததால் கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். மடலின் காகிதத்தை அட்டையின் முதுகில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டுச் சுவரில் அட்டை வெளியே தெரியும்படி மாட்டுங்கள். புகழ்ச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

கணக்கின் கண்மணியே, நூறாண்டு வாழ்க என்று எழுத வந்தோம். எத்தனை பத்து என்று கேட்பீர்கள். பத்துப் பத்து, டீச்சர். போனவை ஆறு பத்துக்கும் சற்றுக் குறைவு. வரவிருக்கும் ஒவ்வொரு பத்திலும் முழங்கால் வலியின்றி, வெயிலில் நிற்க வேண்டிய வேலையின்றி, ஏன் என்று கேட்கும் பிள்ளைகள் வீடு தேடி வர, நலமாக இருங்கள்.

உங்களை விட்டால் இப்பள்ளியில் நாங்கள் இருபத்தொன்பது பேர். தலைமையாசிரியை முதல் ஆயாம்மா வரை, குழிக்கு ஒருவராகக் கையெழுத்திட்டிருக்கிறோம். ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் அட்டைகள் அடுக்கப்படும் என்பதற்கு அக்கையெழுத்துகளே எங்கள் சம்மதம். பிரசன்னா சாரும் போட்டிருக்கிறார். பென்சிலால்தான் போட்டார்; ஆனாலும் அழுத்திப் போட்டிருக்கிறார்.

ஒரு குழி காலியாக உள்ளது, தாளாளர் அவர்களே. அது உங்களுடையது. இருபத்தொன்பதில் எத்தனை முழுப் பத்து என்று மஹதி முன்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேனா உங்கள் மேசையில் உள்ளது. இரண்டு விநாடிக்குள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
சிவப்பில் பத்துப் பேர்,
பச்சையில் பத்துப் பேர்,
மஞ்சளில் ஒன்பது பேர்.