முந்தாத லாரி

லாரி: ...இல்லம்மா, நீங்க பாட்டுக்குப் போங்க. எனக்கொண்ணும் அவசரமில்லை.

வேன்: ரேடியோவுல இப்படிச் சொல்லிட்டு ஒரு மணி நேரமா என் முதுகுக்குப் பின்னாடியே வர்றே. கண்ணாடியில பார்த்தா உன் லாரி மூஞ்சி மட்டும்தான் தெரியுது. தாண்டிப் போயேன்!

லாரி: மூணு பெட்டி நிறைய மாடு இழுத்துக்கிட்டு வர்றேன். அம்பத்து மூணு மீட்டர் நீளம். நெனச்ச இடத்துல தாண்ட முடியுமா?

வேன்: கேமூவீல் ஊரைத் தாண்டினதுலேர்ந்து ரோட்டுல ஒரு வளைவு இல்லை. எதிர்ல கானல்தான் வருது, வேற எதுவும் வரலை.

லாரி: காத்து அடிக்குதும்மா.

வேன்: புல்லு கூட அசையலை.

லாரி: ...டயர் சூடாயிருக்கு.

வேன்: அடுத்தது என்ன, மாட்டுக்குத் தலைவலியா?

லாரி: நூத்தம்பது மாடு நிக்குது. எதுக்காவது இருக்கும்.

வேன்: அந்த நூத்தம்பதும் வெயில்ல நிக்குது. நான் எண்பத்தஞ்சுல ஊர்ந்துக்கிட்டிருக்கேன், நீ நூறுல போகலாம். எத்தனை மணிக்கு இறக்கணும்?

லாரி: நாலு மணிக்கு. இன்னும் இருநூறு கிலோமீட்டர்.

வேன்: லேட்டானா?

லாரி: இன்னைக்கும் லேட்டானா சாவியை மேசை மேல வெச்சிட்டுப் போயிடுன்னுட்டார் முதலாளி.

வேன்: அப்புறம் என்ன அவசரமில்லைங்கிறே? வேலை போயிடும்டா!

லாரி: அது வந்து... வண்டி நிறுத்துற இடம் முன்னாடி ஒண்ணு வருமில்ல? அங்க நீங்க ஒதுங்கிட்டீங்கன்னா நான் நேராப் போயிடுவேன்.

வேன்: அதுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கு.

லாரி: அதுவரைக்கும் பின்னாடியே வர்றேன்.

வேன்: வந்தா நாலு மணி தாண்டிடும். பேசாம வேனை இங்கேயே ஓரத்துல இறக்கிடட்டுமா?

லாரி: ஐயோ, வேண்டாம்மா! ஓரமெல்லாம் மண்ணு பொலபொலன்னு கிடக்கு, வேன் கவுந்துடும். கல்லு வேற தெறிக்கும். நாங்க தாண்டுறப்ப அதே கோட்டுல, அதே வேகத்துல போனாப் போதும். பயந்து பிரேக் போடுறது, ஒதுங்குறது... அதெல்லாம் கூடவே கூடாது.

வேன்: பாடமெல்லாம் நல்லாத்தான் எடுக்கிறே. நான் கோட்டுலதான் இருக்கேன். தாண்டு.

லாரி: உங்க பேரென்னம்மா?

வேன்: பேச்சை மாத்துறியா? வேன் பின்னாடிதான் எழுதியிருக்கே, படி.

லாரி: 'சோம்பேறி ஆமை, ரேடியோ சேனல் நாப்பது'ன்னு இருக்கு.

வேன்: அதான் பேரு.

லாரி: சரி, ஆமையம்மா. தனியாவா போறீங்க?

வேன்: தனியாத்தான். நீ?

லாரி: நான் எப்பவும் தனிதான். ஒரு நாய் இருந்துச்சு. தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. நான் நாயோடகூடப் பேசறதில்லையாம், அது வாடிப் போச்சாம்.

வேன்: என்னோட வாய் ஓயாமப் பேசறே?

லாரி: இன்னைக்குத்தான். பதினோரு மாசமா இவ்வளவு பேசினதே இல்லை. மூஞ்சி தெரியாததனாலயோ என்னவோ... பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம செத்துப் போயிடுவேன் போல இருந்துச்சும்மா.

வேன்: ...பதினோரு மாசத்துக்கு முன்னாடி என்ன ஆச்சு?

லாரி: விடுங்க.

வேன்: தாண்டவும் மாட்டே, சொல்லவும் மாட்டே. தொண்ணூறு கிலோமீட்டர் என்ன பண்றதா உத்தேசம்?

லாரி: ...உங்களை மாதிரி ஒரு வேன், உள்ள ஒரு புருஷன் பொண்டாட்டி. இதே ரோடு. தாண்ட வெளியே எடுத்துட்டேன். என் லாரித் தலை அவங்க வேன் வாலுக்கு வர்றப்ப, அந்த மனுஷன் வலது பக்கம் மண் ரோட்டுக்குத் திருப்பிட்டாரு. டீ குடிக்கவோ என்னவோ... அவர் உசிரு அங்கேயே போயிடுச்சு. அந்தம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சுது. ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போனாங்க.

வேன்: தாண்டுறதுக்கு முன்னாடி நீ ரேடியோவுல சொல்லலையா?

லாரி: அதாம்மா! அதேதான்! சொன்னேன்னு விசாரணையில சத்தியம் பண்ணினேன். கேட்டவங்க யாருமில்லை. சுத்துவட்டாரத்துல வேற வண்டி கிடையாது. அந்தம்மா தூங்கிட்டேன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதிக் கொடுத்துட்டாங்க. என் மேல தப்பில்லைன்னு விட்டுட்டாங்க.

வேன்: அப்புறம் என்ன?

லாரி: சத்தியம் பண்ணிட்டு வெளியே வந்தேன், அங்கேயே சந்தேகம் வந்துடுச்சு. கூப்பிட்டேனா, கூப்பிட்டதா நெனச்சுக்கிட்டேனா? கையில மைக் இருந்த மாதிரியும் இருக்கு, டீ இருந்த மாதிரியும் இருக்கு. கூப்பிட்டிருந்தா அது அவரோட கெட்ட நேரம். கூப்பிடலைன்னா... நான் ஒருத்தரைக் கொன்னுருக்கேன். எதுன்னு தெரியாமயே சாகப் போறேன். அதுக்கப்புறம் ஒரு வண்டியைத் தாண்டலை. ஒரு சைக்கிள்காரன் பின்னாடி இருபது கிலோமீட்டர் போனேன். அவனே பயந்து இறங்கி, தொப்பியைக் கழட்டி வழி விட்டான்... ஆமையம்மா? இருக்கீங்களா?

வேன்: இருக்கேன்.

லாரி: குரல் ஒரு மாதிரி இருக்கே?

வேன்: தூசி.

லாரி: என் தூசியா உங்க முன்னாடி வருது?

வேன்: சும்மா இரு. இப்பக் கேளு. ரேடியோ திறந்திருக்கு. நான் முழிச்சிருக்கேன். எதிர்ல நாலு கிலோமீட்டருக்கு ஒரு காக்கா இல்லை. மைக்கை வாய்கிட்ட வெச்சுக் கூப்பிடு.

லாரி: முடியாதும்மா.

வேன்: வேலையும் போயிட்டா நாய்கூடத் திரும்பி வராது. கூப்பிடு!

லாரி: ...முன்னாடி போற வேனுக்கு... உங்க வலது பக்கமாத் தாண்டி வர்றேன். அப்படியே நேராப் போங்க.

வேன்: கேட்டுச்சு. வா.

லாரி: கேட்டுச்சா?

வேன்: கேட்டுச்சுடா! வா!

லாரி: வெளியே எடுத்துட்டேன்... பக்கத்துல வந்துட்டேன்... ஆடாதீங்க, ஆடாதீங்க...

வேன்: நான் ஆடலை, உன் குரல்தான் ஆடுது. மொதப் பெட்டி போயிடுச்சு... ரெண்டாவது... அப்பப்பா, என்ன நாத்தம்! மூணாவது... இரு, இன்னும் உள்ள வராதே... இப்ப வால் தாண்டிடுச்சு. வா உள்ளே.

லாரி: வந்துட்டேன்... வந்துட்டேன்மா!

வேன்: நிறுத்தாதே. அழுதுக்கிட்டே ஓட்டு.

லாரி: நீங்க நல்லா இருக்கணும். இன்னைக்கு உங்களைப் பார்க்காம இருந்திருந்தா...

வேன்: நீ எங்க பார்த்தே? நான்தான் மூணு நாளா ரோட்டோரத்துல ரேடியோவைத் திறந்து வெச்சுக்கிட்டு உன் குரல் வருதான்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ முந்திப் போனதும் சொல்லணும்னுதான் இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன், லயல்.

லாரி: என் பேரை நான் சொல்லவே இல்லையே... என் குரல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேன்: அன்னைக்கு நீ ரெண்டு தடவை கூப்பிட்டியே, எங்க வேன்ல நல்லாக் கேட்டுச்சு. நான் தூங்கலை, லயல். வேன் ஃப்ரிட்ஜ் கதவைப் பூட்டாம விட்டு ஆறு முட்டையை உடைச்சிட்டாருன்னு காலையிலேர்ந்து என் வீட்டுக்காரரோட பேசாம இருந்தேன்... அவருக்குக் காது மந்தம். ரேடியோவுல வர்றதை நான்தான் எடுத்துச் சொல்லணும். சொல்லலை.