ஃபிரிட்ஜில் வைத்த மருந்து

அந்த ஃபிரிட்ஜில் ஒரு கோளாறும் கிடையாது ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விடுதி மெக்கானிக்கை நேற்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? முப்பத்தொரு வருடம் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தவன் நான். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே ஆயுசைச் சொல்வேன். அது இன்னும் பத்து வருடம் ஓடும்.

எங்களுக்குப் பத்து நாள் விடுமுறை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. இந்த வெயில் நாட்டைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். அறைக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, அவள் மருந்தை ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தது. உள்ளே ஐஸ் பக்கம் வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த மருந்து தண்ணீருக்குச் சமம். எங்கே போனாலும் அவள் மருந்தை நான்தான் வைப்பேன், நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஏழாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக்குப் போய்விடப் போகிறாளாம். ஒரேயடியாக.

"சண்டையெல்லாம் இல்ல. உங்ககூட இருந்து களைச்சுப் போச்சு, அவ்ளோதான். நல்லபடியாப் பேசிப் பிரியலாம்னுதான் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன்."

சரி என்றேன். கத்தவில்லை. நான் முன்கோபக்காரன்தான். வீட்டில் ஸ்பானரை விட்டெறிந்திருக்கிறேன். பதினோரு வருடம் முன்பு ஒருதரம் அவள் மணிக்கட்டில் பட்டு எலும்பு விரிசல் விட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள்தான் மறக்கவில்லை போலிருக்கிறது.

எட்டாம் நாள் காலை அவள் குளிக்கும்போது ஃபிரிட்ஜைத் திறந்தேன். குளிர் கூட்டும் திருகு கடைசி எண்ணில் நின்றது. மருந்துப் பெட்டி ஐஸோடு ஒட்டிக் கிடந்தது. பிய்த்தெடுத்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். அவள் தலை துவட்டி வருவதற்குள் உருகிவிட்டது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். சொல் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மத்தியானமே தாகம் பிடித்துக்கொண்டது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். சர்க்கரை பார்க்கும் மெஷின் நானூறைத் தாண்டிக் காட்டியது. இந்த வெயிலில் மெஷின் தப்பாகத்தான் காட்டும் என்றேன். நம்பினாள். மெஷின் விஷயத்தில் மட்டும் என்னை நம்புவாள். வேறு எதிலும் நம்பியதில்லை.

ஒன்பதாம் நாள் வாந்தி. கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மருந்து கெட்டுப்போயிருக்குமோ?"

"ஃபிரிட்ஜ்ல வெச்சது எப்படிக் கெடும்?"

அதைச் சொன்ன வாய் இது ஐயா. அழுகிப் போயிருக்கலாம்.

சாயங்காலம் அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு.

"அக்கா வீடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க பக்கத்துலயே இருங்க," என்றாள்.

அவள் கண்ணயர்ந்ததும் புது மருந்து வாங்கத்தான் கிளம்பினேன். மருந்துக்கடை எதிர்ச்சாரியிலேயே இருந்தது. கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். தேறிவிட்டால் கையை விட்டுவிடுவாளே என்று நினைப்பு ஓடியது. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன என்று தோன்றியது. வாந்தி நிற்க மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்தாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் விமானம் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பெல்லாம் சின்னச் சொல். உங்கள் ஸ்டேஷன் மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடுகிறதே, அது நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் என் கண் அதன் கதவுக்கே போகிறது. அவள் என் கையைப் பிடித்திருந்த இடம் இன்னும் சூடாகவே இருக்கிறது.

அறை துடைக்கும் அம்மா, ஏழாம் நாள் மத்தியானம் திருகு இரண்டில்தான் இருந்தது என்று சொன்னாராம். அவர் சொன்னது சத்தியம். மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. கடற்கரையிலிருந்து திரும்பி, அவள் அக்காவுக்கு வாங்கிய புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, மருந்தைக் கதவுத் தட்டிலிருந்து எடுத்து ஐஸோடு சேர்த்து வைத்து, திருகைக் கடைசிவரை திருப்பியவன் நான்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அவள் அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். போகவில்லை.