மாதா படத்தடியில் இருந்த குப்பி

என் பெயர் ஃப்ளோரா. வயது முப்பத்தெட்டு. கணவர் லூயிஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் இப்போது இதே ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கிறார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும்படி இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன்.

மதுவிலக்கு மறுபடி வருவதற்கு முன் கடையில் வாங்கிய ரம் ஒரு பாட்டில் எங்கள் வீட்டில் இருந்தது. தவக்காலம் முழுக்க யாரும் அதைக் குடிக்கவில்லை. கப்பலில் வேலை செய்யும் என் தம்பி லியோனார்ட் சொல்லிக்கொடுத்தபடி, அதில் கொஞ்சம் எடுத்துக் கிச்சிலி ஆரஞ்சுத் தோல், லவங்கம், பட்டை, நிலவேம்பு ஊறப்போட்டு வடிகட்டினேன். குடிக்கிற கலவைக்கு விடும் இந்தக் கசப்புச் சாற்றை பிட்டர்ஸ் என்பான். கிளாஸுக்கு நாலு சொட்டுப் போதும். ரெய்டுக்குப் பயந்து, காலியான வேளாங்கண்ணி மாதா எண்ணெய்க் குப்பியில் அதை ஊற்றி மாதா படத்தடியில் வைத்திருந்தேன்.

இன்று ஈஸ்டர் என்பதால் மதியம் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு ராமதாஸைக் கூப்பிட்டார். அவர் கடலுக்குப் போய் அப்போதுதான் கரையேறியிருந்தார். எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ், ரம், பிட்டர்ஸ் கலந்து இருவருக்கும் கொடுத்தேன். ராமதாஸ், "இன்னாக்கா, ஜில்லுனு கீது, இன்னொண்ணு குடு" என்றார். வெறும் வயிறு என்று சொல்லவில்லை, பாவி மனுஷன். இரண்டாவதைக் குடித்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். அதன் பிறகு அவர் மனைவி அங்கம்மா ஓடி வந்தாள். நான் ரிக்‌ஷா பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ராமதாஸ் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, கண்ணு தெர்லியே" என்று கத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு தெருவே கூடி விஷச் சாராயம் என்றது. ராமதாஸை ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்காரரை இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

என் வீட்டுக்காரரும் அதே பாட்டிலில்தான் குடித்தார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. லாக்கப் பக்கம் திரும்பி, "ஏங்க, கண்ணு தெரியுதா?" என்றேன். "தெரியுது, நீ அழுவாதே" என்றார். அவர் அப்படித்தான், தெரியாவிட்டாலும் தெரியுது என்பார்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஏட்டு கருணாகரன் வந்து, "டாக்டர் இன்னும் பாக்கல சார். அவன் கண்ணையே தொறக்க மாட்றான். வூட்லயே பொண்டாட்டி மாதா எண்ணெய எடுத்துக் கண்ணுல வச்சாளாம். அங்கயும் தடவிக்கினே கீறா" என்றார்.

எங்கள் தெருவில் யாருக்கு என்ன வலி என்றாலும், எந்தச் சாமி கும்பிடுகிறவர்களானாலும், அந்த எண்ணெயைத்தான் தடவுவார்கள். அங்கம்மா என்னைக் கேட்காமலே மாதா படத்தடியிலிருந்து எடுப்பாள். பதற்றத்தில் மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். அந்தக் குப்பியில் இருந்தது எண்ணெய் இல்லை, லவங்கம் ஊறிய ரம், அதுதான் கண்ணை எரிக்கிறது. நான் எழுந்தேன். உட்கார்ந்து வரிசையாகச் சொல்லம்மா என்றார் இன்ஸ்பெக்டர்.

வரிசை முடிந்துவிட்டது. ரம் வைத்திருந்த கேஸை என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னது எல்லாம் நிஜம், மாதா சாட்சி. எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், முதலில் ஆள் அனுப்பி அந்தக் குப்பியை அங்கம்மா கையிலிருந்து பிடுங்குங்கள், அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) லூ. ஃப்ளோரா