ஆம்ப்ரோஸ் தொட்டி மீன்கள்

உயிர்மீன் வாங்குவதற்குக் கொஞ்சம் கைராசி வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் வீட்டு அம்மாள் மீனைத் தொடமாட்டார்கள் என்று கேள்வி. ஆனாலும் போன வாரம் உங்கள் ஆர்டர்லி அல்சூர் ஏரிக்கரையில் கெளுத்திக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். இருக்கட்டும், நமக்கெதற்கு.

நானும் அங்கேதான் வாங்கினேன். மீன்காரன் சொல்லியிருப்பானே, அவன் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாங்கியது குழம்புக்கு அல்ல. பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸின் தொட்டிக்கு.

ஆம்ப்ரோஸுக்கு வீட்டின் பின்கட்டிலேயே முலாம் பட்டறை. துரைமார் வீட்டுக் கரண்டி, சைக்கிள் ஹாண்டில் எல்லாவற்றுக்கும் செம்பும் நிக்கலும் பூசுவான். கழுவிய தண்ணீரில் அந்த உலோகம் கரைந்திருக்கும். முதல் தொட்டியில் சுண்ணாம்பு போட்டுக் கலக்கினால் அது பச்சைச் சேறாக அடியில் படிந்துவிடும். தெளிந்த நீர் இரண்டாம் தொட்டிக்குப் போய், அங்கிருந்து கிணற்றடி வாழைப் பாத்திக்குப் பாய்ந்து, ஊறிக் கிணற்றிலும் இறங்கும். அந்தக் கிணற்று நீரைத்தான் அவனும் பெண்டாட்டியும் குடித்தார்கள். எங்கள் வீட்டில் குழாய் உண்டு. இரண்டாம் தொட்டியில் மீன் விட்டிருந்தான். "மீன் நீந்துதா, தண்ணி சுத்தம். இதுக்கு எதுக்கு அக்கா கெமிஸ்ட்ரி?" என்பான். பெருமைக்குக் குறைச்சலில்லை.

காலைப் பூசைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போவார்கள். அந்த நேரத்தில் பீப்பாயிலிருந்த நல்ல சுண்ணாம்பை அள்ளிவிட்டு, வருஷக்கணக்காகக் காற்றில் கிடந்து செத்துப்போன சுண்ணாம்பை நிரப்பினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காரம் மட்டும் இருக்காது. உலோகம் படியவில்லை. மீன்கள் செத்தன. செத்ததை எடுத்துப் புதியதை விடுவது என் தினசரி வேலையாயிற்று. தொட்டியில் விஷம் எதையும் நான் ஊற்றவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அவன் மனைவி கேத்தரின் சுவரோரம் வந்தாள். "தண்ணி ஒரு மாதிரி கசக்குது டோரதி அக்கா. குடிச்சா குமட்டுது."

"ஏதாவது விசேஷமா இருக்கப் போவுதுடி."

வெட்கப்பட்டுக்கொண்டு போனாள். அன்று மாலை ஆம்ப்ரோஸ் அவளைத் தொட்டியருகே நிறுத்தி, "மீனே உயிரோட இருக்கு, உனக்கென்ன கேடு? குடி" என்று அதட்டியது என் சமையலறைவரை கேட்டது.

கேத்தரினைப் புதைத்துவிட்டோம். அவன் கண் மஞ்சளித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கஞ்சி கொண்டுபோவது நான்தான்.

ஏன் என்கிறீர்கள். என் தங்கை பியாட்ரிஸைத்தான் அவனுக்கு முதலில் நிச்சயம் செய்திருந்தோம். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதை அவன் நிறுத்திவிட்டான். பெண்ணுக்குக் காசமாம். அப்புறம் அவளை யாரும் பெண்கேட்டு வரவில்லை. ஒருநாள் அதே அல்சூர் ஏரியில் இறங்கிவிட்டாள்.

அவளுக்கு இருந்தது வெறும் மழைக்காலச் சளி, ஐயா. ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஒரு பெண்ணின் வாழ்வை அழித்தவனுக்கு இந்தத் தண்டனை அதிகமில்லை.

இருமலைப் பற்றி அவனிடம் சொன்னது நான்தான். சும்மா, பேச்சுவாக்கில். அதைப் போய் ஒருவன் நம்புவானா?